மலையை மறைத்த தூண்

1. செங்கம் சாலை வீட்டின் கீழ்த்தளத்தில் காபிக் கடை வைக்கப் பெரியப்பா முடிவு செய்தார்.
2. முன்பக்க நடுத்தூண் மலையை மறைக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்.
3. கூடாது என்றேன்.
4. நான் வெளியூர் போயிருந்தபோது தூணைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்கள்.
5. திரும்பி வந்த காலையில், மாடியில் வாடகைக்குக் குடியிருந்த அக்கா போன் செய்தார்: "பாத்ரூம் கதவு மூடவே மாட்டேங்குதும்மா. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

கதவு கெடவில்லை, நிலை கோணியிருந்தது. தூண் மெலிந்ததும் அதன் மேலிருந்த பீம் தொய்ந்து, மாடிச் சுவரையும் இழுத்திருந்தது. நான் போய்ப் பார்த்தபோது தூணின் கம்பிகள் வெளியே தெரிந்தன. பீமின் ஓரத்தில் சாய்வாக ஒரு விரிசல். நேராக ஓடும் மெல்லிய பூச்சு விரிசலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். சாய்வாக, ஓரத்தில், புதிதாக வந்தால் நின்று யோசிக்கக்கூடாது. முதலில் ஆட்களை இறக்க வேண்டும், பிறகு முட்டுக் கொடுக்க வேண்டும், காரணம் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அக்காவையும் பிள்ளைகளையும் கட்டிய துணியோடு இறக்கினேன். பெரியப்பா வாசலிலேயே மறித்தார்.

"குடியிருக்கறவங்கள கெளப்பி விடறியே, ஊரு என்னான்னு பேசும்? பக்கத்துத் தூணு ரெண்டும் தாங்கிக்கும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

"அந்த ரெண்டும் அதுங்க பாரத்தத்தான் தாங்கும் பெரியப்பா."

"மலையே சிவன்டி. சிவன மறைக்கிற தூணு எதுக்கு? கடக்கால் போட்டவன் நானு, எனக்கே பாடம் எடுக்கறியா?"

"தூண எடுங்க. அப்புறம் மலை நல்லாவே தெரியும். நடுவுல வீடு இருக்காது."

கொத்திக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இரும்பு முட்டுகளை வரவழைத்து நிறுத்தினேன்.

இந்தத் தெருவில் என்னை முதலில் இன்ஜினியர் என்று கூப்பிட்டவர் பெரியப்பாதான். கல்லூரியில் சேர்ந்த வாரமே டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்து, "எங்க வீட்டு இன்ஜினியரு வருது, வழிவிடுங்கப்பா" என்றார். காலையில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். தூணை உடைக்கச் சொன்னதில் வியாபாரம் பாதி, பக்தி பாதி. இந்த ஊரில் மலை தெரிகிற ஜன்னலுக்கு மரியாதையும் ஜாஸ்தி, வாடகையும் ஜாஸ்தி. அவர் பக்தியை நான் சந்தேகித்ததே இல்லை. ஆனால் பாரம் யார் பக்தியையும் பார்த்து இறங்குவதில்லை. அது தூண் வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். வழியை வெட்டினால் வீட்டோடு இறங்கும். என்னை இன்ஜினியர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்வதை மட்டும் கேட்கக்கூடாது என்றால், அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

கார்த்திகை நெருங்குகிறது. மொட்டைமாடியில் நின்று தீபம் பார்க்க வெளியூர்க்காரர்களுக்கு இடம் தருவதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். சித்தப்பா, அத்தை, ஒவ்வொருவராக மாடியைத் திறந்துவிடச் சொல்லி என்னிடம் தூது வருகிறார்கள்.

இப்போதைய நிலை இது: முட்டுகள் நிற்கின்றன. தூணைத் திரும்பக் கட்டும் வேலை இன்னும் தொடங்கவில்லை. பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன்.