கன்னையாவின் படம் போட்ட பக்கம்

நாகலாபுரத்துத் தனசேகருக்கு வாய் கிடையாது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கூலிக்காரக் குடும்பத்தின் முதல் மாதச் சம்பளக்காரன். திருப்பதியில் டிப்ளமா படித்து, ஸ்ரீ சிட்டி தொழிற்சாலை ஒன்றில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தவன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு.

2018இல், குவைத் வேலை என்று ஆசைகாட்டி ஏமாற்றுகிற ஏஜெண்டுகளைப் பற்றி, தன் பெயர் போடாமல் ஒரு வலைப்பக்கம் தொடங்கினான். யாரோ மிரட்ட, இணையத்தில் அதற்கு இடம் கொடுத்த கம்பெனி மூன்றே நாளில் அதைத் தூக்கிவிட்டது. தனசேகருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சர்வரே தேவைப்படாத வழி ஒன்றைப் பிடித்தான். பக்கத்தைத் திறந்து பார்ப்பவரின் கம்ப்யூட்டரிலேயே ஒரு பிரதி தங்கிவிடும். அடுத்தவருக்கு அங்கிருந்து போகும். தலைமை இடம் என்று ஒன்று இல்லை, ஆகவே எவனாலும் ஒரேயடியாக அழிக்க முடியாது. ஸ்ரீ சிட்டி விடுதிகளிலும் சென்னையிலும் குவைத்திலும் ஆட்கள் அதை வைத்துக்கொண்டார்கள். பயலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வேகத்தில்தான் தப்பு நடந்தது. நாகலாபுரம் வட்டாரத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அண்ணன் பிள்ளைக்கும் தம்பி பிள்ளைக்கும் அதே பெயர் வந்துவிடும். தனசேகர் எழுதிய ஏஜெண்டுகளில் ஒருவனான மோசடிக்காரக் கன்னையா சித்தூரில் இருந்தான். தனசேகர் போட்ட படமோ அந்த மோசடிக்காரனின் சித்தப்பா மகன், இன்னொரு கன்னையாவுடையது. ஸ்ரீ சிட்டிக்கு வேனில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் அப்பாவி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வேலைக்குப் போகும் பெண்களை அந்த வேனில் அனுப்ப வீட்டார் மறுத்தார்கள். ஒரே வாரத்தில் வேன் காலியாக ஓடியது.

ஆள் மாறிப்போனது அப்போதுதான் தெரிந்து, தனசேகர் தன்னிடமிருந்த பிரதியை அழித்தான். பக்கம் அசைந்து கொடுக்கவில்லை. விடுதி விடுதியாக ஏறி இறங்கி, "அதுல வைரஸ் கீது, அழிச்சிடுங்க" என்று கெஞ்சினான். பாதிப் பேர் அழித்தார்கள். மீதிப் பாதி போதாதா, மானத்தை வாங்க?

கன்னையா வேனை விற்றுவிட்டுப் பெங்களூருக்கு மூட்டை கட்டிய காலையில்தான், நேரில் போய்ச் சொல்லத் தனசேகருக்குத் துணிச்சல் வந்தது.

"நான்தாண்ணா போட்டேன். ஆள் மாறிப்போச்சு. ஊரெல்லாம் போய் அழிக்கச் சொல்லிக்கினு கீறேன்."

கன்னையா கத்தவில்லை. கத்தியிருந்தாலும் தேவலை.

"அழிக்கச் சொன்ன, சரி. தப்பு என்னுது, அந்த ஆளு நல்லவன்னு ஒருத்தன்கிட்டயாச்சும் சொன்னியா?"

தனசேகர் சொல்லியிருக்கவில்லை. அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது.

அன்றே தன் பெயரையும் படத்தையும் போட்டு, நடந்ததை எழுதிப் புதிய பக்கம் ஏற்றினான். எல்லோருக்கும் அனுப்பினான். ஏமாற்றுக்காரன் என்றால் திறந்து பார்ப்பவர்கள், மன்னிப்பு என்றால் திறப்பதில்லை. பழைய பக்கம் இன்னும் நாற்பது கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. புதியது இருப்பது ஒன்றில்தான். அது தனசேகருடையது, அதை அணைக்க அவனுக்குப் பயம்.