சட்டைப் பைக்குள் தட்டிய சுவிட்ச்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நான் கம்பவுண்டராக வேலை பார்த்தவன். மந்திரித்த கயிறு கட்டிய கை வந்தால் கயிற்றை ஒதுக்கிவிட்டு அதே கையில் ஊசி போடுவேன். சுடுகாட்டை ஒட்டிய வீட்டில் வாடகை குறைவு என்று மூன்று வருஷம் குடியிருந்தேன், ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை. அப்படிப்பட்ட என்னிடம் அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

இது ஐம்பதுகளில் நடந்தது. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. கம்பெனி, ஆலை எதுவும் கிடையாது, பெங்களூர் லாரிகள் நின்று டீ குடித்துவிட்டுப் போகிற ஊர், அவ்வளவுதான். நான் இருந்தது தேன்கனிக்கோட்டையில், ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், அப்புறம் நான்.

அந்த நர்ஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எஸ்தர் சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, உரத்துப் பேசமாட்டார். ஆனால் அந்தக் காலத்தில், ஆண்களே சைக்கிளுக்கு வழியில்லாமல் நடந்துகொண்டிருந்த மலைக்காட்டில், அந்த அம்மாள் மோட்டார் சைக்கிள் ஓட்டினார் என்றால் நம்புவீர்களா? பட்டாளத்தில் இருந்த அவருடைய அண்ணன், யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கி ஓட்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். சேலைக்குள் கால்சட்டை போட்டுக்கொண்டு, மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, அஞ்செட்டிக்கு அப்பால் பஸ்ஸே போகாத ஊர்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கப் போய்விடுவார். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் மலையில் மாடு மேய்க்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள், அதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் அவர் டைபாய்டு வந்து படுத்துவிட்டார். கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்தார், பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து தங்கை லில்லி வந்திருந்தாள். வண்டி ஆஸ்பத்திரியில் சும்மா நின்றது. டாக்டர் என்னை ஓட்டச் சொல்லிவிட்டார்.

வண்டியில் பெரிய விளக்குக்குக் கீழே சிஸ்டர் தனியாக ஒரு சின்ன விளக்கு மாட்டியிருந்தார். அதற்கென்று இடது கைப்பிடி ஓரம் ஒரு சுவிட்ச், மேலும் கீழும் தட்டுகிற சின்னப் பித்தளைக் குச்சி. அந்தச் சுவிட்ச் தேய்ந்துபோய், மேலேயும் நிற்காது, கீழேயும் நிற்காது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினால் விளக்கு எரியும், ஏறினால் அணையும். பாட்டரி தீர்ந்துகொண்டே இருந்தது. சரி, மாற்றிவிடலாம் என்று ஒரு வியாழக்கிழமை காலையில் ஓசூருக்குப் போனேன்.

ஓசூரில் லாரிகள் நிற்கிற இடத்தில் காதர் பாய் என்று ஒருவர் பாட்டரிக் கடை வைத்திருந்தார். சிஸ்டரின் வண்டி என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார். அவர் முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, சுவிட்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிரித்தார். உள்ளே இருந்த ஸ்பிரிங் இரண்டு துண்டாக விழுந்தது. துண்டுகளை ஊதித் தள்ளிவிட்டு அந்தப் பித்தளைக் குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் சரிவாக, புளியங்கொட்டையைத் தரையில் உரசினதுபோல் வழுவழு என்று தேய்ந்திருந்தது.

“இது தானாத் தேஞ்சது இல்ல சார்,” என்றார். “ஒரே விரலு தேய்ச்சிருக்கு. பித்தளை இப்படித் தேயணும்னா அந்தம்மா எத்தன ராத்திரி போயிருப்பாங்க பாருங்க.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. ஒயர் முனைகளில் பச்சை பிடித்திருந்ததைக் கத்தியால் சுரண்டி, லாரிக்குப் போடுகிற புதுச் சுவிட்ச் ஒன்றை மாட்டி, ஆடாமலிருக்க சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் வைத்து முடுக்கினார். கறுப்பாக, கெட்டியாக இருந்தது. அழுத்தித் தட்டினால்தான் நகரும். எரித்துக் காட்டினார், அணைத்துக் காட்டினார். அந்தச் சின்ன விளக்கு ரோட்டைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறதே, நேராக்கிவிடட்டுமா என்று கேட்டார். சிஸ்டர் வைத்தபடி இருக்கட்டும் என்றேன். பழைய சுவிட்சை மூடி என்னிடம் கொடுத்து, அந்தம்மாவிடம் கொடுங்கள், பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் திரும்பி வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் பசவன். அஞ்செட்டிக்கு அப்பால் ஓடை தாண்டி மலைமேல் ஊர். அங்கே தங்களுக்குள் கன்னடம்தான் பேசுவார்கள், எங்களிடம் தமிழ். மூங்கில் லாரியில் ஏறி வந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி புட்டம்மாவுக்கு முந்தின நாள் குழந்தை பிறந்திருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது, தாய்க்கு மட்டும் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, நிற்கவில்லை. டாக்டர் அப்போது வேறொரு சிக்கலான பிரசவத்தில் இருந்தார், விட்டு வர முடியாது. ஊசி மருந்தை எடுத்துக் கையில் கொடுத்து, நீயே போ, போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இரு என்றார். பசவனைப் பின்னால் உட்காரவைத்து, பையை அவன் மடியில் கொடுத்துக் கிளம்பினேன்.

அஞ்செட்டி தாண்டும்போது வானம் கறுத்துவிட்டது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது, ஆனால் மேற்கே மலை முழுவதும் மேகம் இறங்கி மசங்கலாகிவிட்டது. ரோடு முடிந்து வண்டித்தடம். ஒரு இடத்தில் தடம் வளைகிறது, அந்த வளைவில் மூங்கில் புதர் விலகி எதிர்மலை தெரியும், உச்சியில் பசவனின் ஊர் தெரியும்.

அந்த வளைவில்தான் என் நெஞ்சில் ஏதோ தட்டியது.

டக் என்று ஒரு சத்தம். சட்டைப் பித்தான் தெறித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதே நேரத்தில் முன்னால் அந்தச் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது, மூங்கில் இலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. மறுபடியும் நெஞ்சில் டக். விளக்கு அணைந்தது. புதுச் சுவிட்சைப் பார்த்தேன், குச்சி கீழே அணைத்தபடியே இருந்தது, என் கட்டைவிரல் அதன் பக்கத்தில்கூட இல்லை. மறுபடி டக், விளக்கு எரிந்தது. டக், அணைந்தது. முட்டைக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு கொத்துவதுபோல் அந்தப் பழைய சுவிட்ச் என் சட்டைப் பைக்குள் அசைந்ததை நான் தோலில் உணர்ந்தேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, உணர்ந்தது நான்.

வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னாலிருந்த பசவனுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

“சிஸ்டரக்கா மாதிரியே காட்டுறீங்களே சாரே,” என்றான். “அவங்க சொல்லிக் குடுத்தாங்களா?”

எதைக் காட்டினேன் என்று கேட்டேன். அவன் எதிர்மலையைக் கை காட்டிச் சொன்னான். “இந்த வளைவுல வெளக்கு போட்டா ஊருக்கே தெரியும். ஒரு வாட்டி போட்டா, நான் வர்றேன், வெந்நீர் வையுங்கன்னு அர்த்தம். ரெண்டு வாட்டி போட்டா, ஓடையில தண்ணி வரப்போகுது, கயிறு எடுத்துட்டு எறங்குங்கன்னு அர்த்தம்.”

காலையில் ஓடையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டேன். கணுக்கால் அளவு என்றான். வண்டியை மெதுவாக ஓடைவரை கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினேன். பசவன் சொன்னது சரிதான், கணுக்கால் தண்ணீர்தான், அடியில் கூழாங்கல் தெரிந்தது. இறங்கலாம் என்று செருப்பைக் கழற்றினேன். அதற்குள் எதிர்ச் சரிவில் லாந்தர்கள் ஓடி வந்தன. முன்னால் ஒரு பெண், பின்னால் நாலு ஆண்கள், தோளில் கயிற்றுச் சுருள். அந்தப் பெண் மாதம்மா, பசவனின் அக்கா. இரண்டு கையையும் தூக்கி இறங்காதே என்று காட்டினாள். கல்லில் கட்டிக் கயிற்றை வீசினார்கள், இந்தப் பக்கம் மரத்தில் பசவன் கட்டினான். இந்தத் தண்ணீருக்குக் கயிறா என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

பாதி ஓடையில் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. அடுத்து அந்த இரைச்சல். மலையில் பெய்த மழை மொத்தமும் வந்துவிட்டது. முழங்கால், தொடை, இடுப்பு. கால் தரையில் பாவவில்லை. கயிறு இல்லாவிட்டால் நானும் பசவனும் ஊசி மருந்தும் எங்கே போயிருப்போமோ. மாதம்மா கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நின்றாள். ஆண்கள் அவளுக்குப் பின்னால் நின்று இழுத்தார்கள். அவள் ஓயாமல் ஏதோ கூவிக்கொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது, இரைச்சலில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்துக் கூவவில்லை. என் தலைக்கு மேலே, அக்கரையில் நான் விட்டுவிட்டு வந்த வண்டியைப் பார்த்துக் கூவினாள்.

கரையேறினோம். ஊருக்குப் போய்ப் பார்த்தால் எனக்கு அங்கே அதிக வேலை இல்லை. புட்டம்மாவின் கட்டில் கால்மாட்டைக் கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். குழந்தை மார்பில் இருந்தது. ஒரு பெண் அடிவயிற்றைச் சரியான இடத்தில் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் சிஸ்டர் எப்போதோ சொல்லிவைத்தது. ஒரு மனுஷி ஒரு மலையையே இப்படித் தயார்செய்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஊசியைப் போட்டேன், காத்திருந்தேன். ரத்தம் நின்றது. விடிந்ததும் புட்டம்மா பசிக்கிறது என்றாள்.

கிளம்பும்போது மாதம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, நான் விளக்குப் போடவில்லை அம்மா என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க போட்டீங்கன்னு நாங்க சொல்லலியே,” என்றாள்.

பகல் வெளிச்சத்தில் அந்தப் பழைய சுவிட்சை எடுத்துப் பார்த்தேன். குச்சி செத்த வால்போல் தொங்கியது. ஸ்பிரிங் இல்லாத சுவிட்ச் அது, எப்படித் தட்டினாலும் சத்தமே வரவில்லை. ஓடை வடிந்ததும் வண்டியை எடுத்தேன். புதுச் சுவிட்ச் சொன்னபடி கேட்டது, ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரிக்குப் போனேன். காய்ச்சலில் சிஸ்டர் பாதியாகிவிட்டார், முடியை வெட்டிவிட்டிருந்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் விளக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. புட்டம்மாவின் நாடி எப்படி இருந்தது, கண் இமைக்குள் வெளுப்பு இருந்ததா, குழந்தை நன்றாக உறிஞ்சுகிறதா, இதைத்தான் கேட்டார். விளக்கு? ஒயர் எங்கேயாவது உரசியிருக்கும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பழைய சுவிட்சைக் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்துச் சிரித்தார்.

“மாத்துனது நல்லதாப் போச்சு கம்பவுண்டர். எனக்குத்தான் மனசே வரலை,” என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் ஒயர் உரசியதாகவே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வெளியே வந்தபோது லில்லி பின்னாலேயே தெருவரைக்கும் வந்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்து மாதம்கூட ஆகாத பெண், தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. அக்காவுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

“சார், நீங்க சொன்ன வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவுக்குக் காய்ச்சல் ரொம்ப ஏறிட்டு. கண்ணை மூடிக் கிடந்தா. நான் கஞ்சி எடுக்க வெளிய வந்தேன். உள்ள அக்கா என்னமோ கேக்கா, கன்னடத்துல. தூக்கத்துல அவ அப்படிப் பேசுறதுதான். ஆனா சார், அவளுக்குப் பதில் வந்துச்சு.”

யார் பதில் சொன்னது என்று கேட்டேன்.

“ஒரு பொம்பளைக் குரல். தண்ணி இரையுத சத்தத்துக்குள்ள இருந்து கத்துத மாதிரி. கதவைத் தெறந்து பாத்தா அக்கா மட்டும்தான் இருக்கா. அந்த வார்த்தை எனக்கு மனப்பாடமே ஆயிட்டு, திரும்பத் திரும்ப அதையே சொல்லிச்சு.” லில்லி கண்ணை மூடிக்கொண்டு, புரியாத பாட்டை ஒப்பிக்கிற பிள்ளைபோல் சொன்னாள். “இட்கொண்டித்தீவி அக்கா, பிடல்லா. இட்கொண்டித்தீவி அக்கா, பிடல்லா.”

பிடித்திருக்கிறோம் அக்கா, விடமாட்டோம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

சிஸ்டர் குணமாகித் திரும்பி வந்தார், அதே வண்டியில் இன்னும் பல வருஷம் மலையேறினார். அவரிடம் இதை நான் சொல்லவில்லை. அன்று ஓடையில் என்ன கூவினாய் என்று மாதம்மாவிடம் கேட்கப் பலமுறை வாய்ப்பு வந்தது, கேட்கவில்லை. அவளுக்கு எதிரே, கயிற்றின் நடுவில் நின்ற எனக்கே அவள் குரல் கேட்கவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் சார் என்று லில்லி அன்று தெருவில் நின்று கேட்டாள். எனக்கும் கன்னடம் அவ்வளவாக வராது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.