பட்டப்பகலில் எரிந்த விளக்கு

புது மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்றே எங்கள் ஊர்க்காரர்களின் அன்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள், எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் எனக்குக் கை காட்டினார்கள். ஐந்து விரலையும் விரித்து, குவித்து, மறுபடி விரித்து. பகலில் உன் விளக்கு எரிகிறது, அணை என்று அர்த்தம்.

இப்போது வருகிற வண்டிகளில் முன்விளக்கை அணைக்கப் பொத்தானே கிடையாது. என்ஜின் ஓடினால் விளக்கும் எரியும். எதிரே வருகிறவர் கண்ணில் நாம் பட வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. இதை எத்தனை பேரிடம் நிறுத்தி நிறுத்திச் சொல்வது? பஸ் டிரைவர் காட்டினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் காட்டினார். ஒரு சவ ஊர்வலத்துக்கு ஒதுங்கி நின்றபோது, அழுதுகொண்டே போன ஒருவர் கண்ணைத் துடைத்துவிட்டு எனக்கு விரல்களைக் குவித்துக் காட்டினார்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பட்டாசு சோறு போடுகிற ஊர். தேவையில்லாமல் ஏதாவது எரிந்துகொண்டிருந்தால் எங்களுக்குக் கை பரபரக்கும். நானே அந்தக் கம்பெனியில் ஃபோர்மேன். ஒரு பொறிகூடப் பறக்காமல் பார்த்துக்கொள்வதும், அதற்காக நாள் முழுக்க அடுத்தவர்களைக் கண்டிப்பதும்தான் என் வேலை. அப்படிப்பட்டவனிடம் வாட்ச்மேன் தினமும் காலையில், "அண்ணாச்சி, லைட்டு எரியுது. நீங்களே இப்பிடி வந்தா எப்பிடி?" என்று கேட்டால் மானம் போகாதா?

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு மெக்கானிக்கிடம் போய், விளக்குக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னேன். பத்து நிமிட வேலை. அதன்பின் சாலையில் ஒரு கை அசையவில்லை. யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு ஆலங்குளம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சனிக்கிழமைகளில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலை அது. கிளம்பும் தூசியில் மரம், வேலி, ஆள் எல்லாம் ஒரே நிறம். என் காக்கிச் சட்டையும் ஏறக்குறைய அதே நிறம்தான். அன்று எதிரே வந்த லோடு லாரி ஒன்று, டிராக்டரை முந்துவதற்காக எங்கள் பக்கம் ஏறி வந்தது. ஹாரன் அடித்தேன். அது வந்துகொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் வண்டியை மண்ணில் இறக்கினேன். இருவரும் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தோம்.

லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் ஓடி வந்தார்.

"சத்தியமா ஆளே தெரியல அண்ணாச்சி! ஒரு லைட்டப் போட்டு வந்திருக்கக் கூடாதா?"

மனைவியின் முழங்கையில் ரத்தம் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த புது சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இத எப்ப வச்சீக?"

"போன மாசம்."

"எதுக்கு?"

"எல்லாரும் கை காட்டுறாக. வெக்கமா இருந்துச்சு."

அவள் கைக்குட்டையை எடுத்து முழங்கையில் கட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலாம்.

அன்று மாலையே சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விளக்கு பழையபடி எப்போதும் எரியும்படி செய்தேன். அடுத்த சனிக்கிழமை அதே சாலையில் அதே லாரி எதிரே வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கினார். அதே ஆள்தான். எங்களை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்துக் குவித்துக் காட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பிரேக்கில் காலை வைத்தேன். பின்னாலிருந்து மனைவி தோளைத் தட்டினாள்.

"அதான் பாத்துட்டாருல்ல. போங்க."