எந்த எண்ணெய்?

டாக்டரம்மா முதன்முதலாக "டர்போ" என்று சொன்னபோது என் கையிலிருந்த கோப்பியில் பாதி சட்டையில் கொட்டியது. அறுபது வயது, பருத்திச் சேலை, தோளில் தேக்கா சந்தைக்குப் போய்வந்த துணிப்பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் முருங்கைக்காய். ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் முப்பது வருஷமாகப் பல் வைத்தியம் பார்த்துவந்தவர். அவருடைய சிவப்புக் காரை, இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை, என் ஒர்க்‌ஷாப்பில்தான் பராமரித்தோம். அதன் பானெட்டைத் தட்டிக்கொண்டே, "தம்பி, இதுக்கு ஒரு டர்போ பூட்டினால் என்ன?" என்று கேட்டார், குழம்பில் இன்னும் இரண்டு கத்தரிக்காய் போடலாமா என்பதுபோல.

"வேணாம் லா, டாக்டரம்மா. இது கார்புரேட்டர் வண்டி," என்றேன். எனக்குத் தெரிந்த பயமுறுத்தல்களையெல்லாம் அவிழ்த்து விட்டேன். கார்புரேட்டர் என்பது இஞ்சின் இழுக்கும் மூச்சோடு பெட்ரோலைக் கலந்து அனுப்புகிற சாதனம். டர்போவோ காற்றை உள்ளே ஊதித் திணிப்பது. ஊதுகிற காற்றைவிட ஒரு படி அதிகமான அழுத்தத்தில் பெட்ரோல் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் காற்று மிஞ்சி, பெட்ரோல் குறைந்து, இஞ்சினுக்குள் சூடு ஏறிப் பிஸ்டனே உருகிவிடும். அதோடு, இப்படி மாற்றிய வண்டியை இங்கே சாலையில் ஓட்ட விடமாட்டார்கள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. லாரியில் ஏற்றி எல்லை தாண்டி ஜொகூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனால் போயிற்று. "முப்பது வருசமா மற்றாக்களின்ர வாய்க்குள்ளயே பாத்துக்கொண்டிருந்திட்டன். ஒருக்கா நேர முன்னால பாத்துப் பறக்க வேணும்," என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்த வீட்டுப் பேச்சு மாறவில்லை. வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஐந்து மாதம், சனிக்கிழமை தவறாமல் வந்தார். நான் வேலை செய்ய அவர் வேடிக்கை பார்ப்பார் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. பல்லுக்குள் விடுகிற மெல்லிய கம்பிகளைக் கொண்டுவந்து கார்புரேட்டரின் ஊசித் துளைகளைத் துப்புரவாக்கியவர் அவர். உள்ளே மிதக்கிற பித்தளை மிதவை குடைவானது, டர்போ காற்று அதை நசுக்கிவிடும், கெட்டியான மிதவை மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் படித்து வந்து சொன்னவரும் அவரே. இருபத்தைந்து வருஷ மெக்கானிக் நான், வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். தன் கண்ணிலும் கையிலும் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. "இந்த ரெண்டும்தான் தம்பி என்ர சொத்து. இதுகள் பிழை விடுற அண்டைக்குக் கிளினிக்கைப் பூட்டிடுவன்," என்பார். நான் சிரிப்பேன்.

தடத்துக்குப் போன அன்று, முதல் இரண்டு சுற்றும் அமர்க்களம். டர்போ சீழ்க்கையடித்தது. இறங்கி வந்தவரின் முகத்தில் பள்ளிக்கூடம் லீவு விட்ட சந்தோஷம். மூன்றாவது சுற்றுக்கு முன் நான் பின்சக்கரத்தருகே குனிந்து போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். பானெட் திறந்திருந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்தபடியே குரல் கொடுத்தேன்: "எண்ணெய் ப்ரஷர் பார்த்தாச்சா, டாக்டரம்மா?"

"ஓம், பார்த்தனான். முள் நல்லா நிக்குது."

அவர்தான் பார்த்துவிட்டாரே என்று பானெட்டை மூடி அனுப்பிவைத்தேன். நேர்ப்பாதையில் சீழ்க்கை உச்சத்துக்கு ஏறியபோது தகரடப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். அடுத்து வெள்ளைப் புகை. கார் தடத்தைவிட்டு விலகிப் புல்வெளியில் ஓடி நின்றது. நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடி எதுவுமில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால், பெட்ரோல் அழுத்தத்தைச் சரிசெய்யும் திருகு அதிர்வில் கழன்று தளர்ந்திருந்தது. பக்கத்திலேயே இருக்கிற சின்ன மீட்டரைப் பார்த்திருந்தால் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். "நான் பார்த்தனானே, தம்பி," என்றார். பிறகு மெதுவாக, "என்ர கண்தான் பிழைச்சுப் போச்சு," என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். மனசுக்குள் அவரைத் திட்டக்கூடச் செய்தேன்.

திரும்பும் வழியில் லாரி ஓட்டிய மலாய்க்கார நண்பர், 'மின்யாக்' போட வேண்டும் என்று ஒரு நிலையத்துக்குள் திருப்பினார். ஜன்னல் ஓரம் இருந்த டாக்டரம்மாவிடம், "எண்ணெய் அடிக்கணுமாம்," என்றேன்.

"என்ன எண்ணெய்?" என்று அசதியோடு கேட்டார்.

"லாரிக்கு டீசல்," என்று சொல்லி வாய் மூடவில்லை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலாய்க்காரர்களுக்குப் பெட்ரோலும் மின்யாக், டீசலும் மின்யாக், வடை சுடுவதும் மின்யாக். அதைக் கேட்டே வளர்ந்த எங்கள் வீட்டில் வண்டிக்கு அடிக்கிற பெட்ரோலும் டீசலும் எண்ணெய்தான். அவர் வீட்டில் பெட்ரோல் பெட்ரோல்தான். எண்ணெய் என்றால் இஞ்சின் ஆயில். நான் பெட்ரோல் அழுத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அவர் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே இருந்த ஆயில் மீட்டரைப் பார்த்துச் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதமும் பக்கத்தில் நின்று விரலால் காட்டிப் பேசியதால் இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியவே இல்லை. அன்று ஒரு நாள்தான் நான் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம், ஒர்க்‌ஷாப்பின் பெயர், நாளைக்குச் சொல்லலாம் என்ற சோம்பல், எல்லாம் சேர்ந்து நாக்கைக் கட்டிப் போட்டன. மறுவாரம் இஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனில் இருபது காசு அளவுக்கு ஓட்டை. அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "வித்துவிடும்," என்றார். விற்றுக் கொடுத்தேன். ஒரு கார்தானே போயிற்று என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

போன மாதம் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. வேறு யாரிடம் போவது? ஜாலான் புசார் மாடிப்படி ஏறினேன். கிளினிக் இருந்த இடத்தில் தங்கும் விடுதியின் அறைக்கதவுகள். கீழே இரும்புக்கடைச் சீனர், அது மூடி மூன்று வருஷமாகிறது என்றார்.  நேரே தேக்காவுக்கு நடந்தேன். சந்தை முடித்து அவர் தேநீர் குடிக்கிற மேசை எனக்குத் தெரியும்.

"ஏன் மூடினீங்க?" என்று கேட்டேன். உட்காரக்கூட இல்லை.

"கண்ணுக்கு முன்னால நிக்கிற முள்ளை வாசிக்கத் தெரியாதவள் மற்றாளின்ர வாய்க்குள்ள ட்ரில்லை விடலாமோ, தம்பி?" என்றார், விலைவாசி பேசுகிற குரலில்.

எதிரே உட்கார்ந்தேன். எண்ணெய், பெட்ரோல், லாரியில் எனக்கு விளங்கியது, விளங்கியும் வாயைப் பொத்திக்கொண்டது, எல்லாவற்றையும் கொட்டினேன். நான் பாழாக்கியது ஓர் இஞ்சினை என்று மூன்று வருஷம் நினைத்திருந்தேனே, எவ்வளவு பெரிய மடையன். அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரியிலேயே உமக்குத் தெரியும்," என்றார் கடைசியில்.

"தெரியும், டாக்டரம்மா."

எழுந்துபோய்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். வீங்கியிருந்த என் கன்னத்தைப் பார்த்தார். "வாயைத் திறவும்," என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, ஒரு கையில் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போனார். சரியான பல்லை மூன்றாவது தட்டில் கண்டுபிடித்துவிட்டார். கண்ணில் நீர் முட்ட நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதோ?"

ஆமென்று தலையாட்டினேன்.

"வலிக்கட்டும்," என்று சொல்லி, அதே பல்லை இன்னொரு முறை தட்டினார்.