பொத்தானை விடாத நவரத்தினம்

நவரத்தினம் தொடங்கும் வசனங்களை மற்றவர்கள்தான் முடித்துவைப்பார்கள். ஐம்பத்திரண்டு வயதுவரை அவருக்கு அப்படித்தான் போனது. அவருக்குப் பேச்சுத் திக்கும். முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும், தாடை இறுகும். எதிரே நிற்பவர் இரண்டு விநாடி பொறுப்பார். மூன்றாவது விநாடியில் தனக்குத் தோன்றிய சொல்லை எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை தமிழ்க் கடையில் 'ப' என்று நின்றபோது பருப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் கேட்க வந்தது பனங்கட்டி. பருப்போடு வீட்டுக்கு வந்தார்.

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் தட்டுக் கழுவும் பிரிவில் இருபது வருடமாக அவருக்கு வேலை. இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச ஏலாது என்பதால்தான் அந்த வேலையை விடாமல் இருந்தார் என்று மனைவி சியாமளா சொல்வாள். அவர் வாய் திறந்தால் முதலில் முடித்துவைப்பவளும் அவள்தான். அவர் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்வது. பெரும்பாலும் சரியாகவே முடிப்பாள். அது அவருக்கு இன்னும் கோபம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பழம்பொருள் சந்தையில் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி ஒருவர் பெட்டி நிறையப் பழைய சிபி ரேடியோக்களை வைத்திருந்தார். லொறிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சின்னக் கறுப்புப் பெட்டிகள், சுருள் வயரில் தொங்கும் மைக்குகள். உரிமம் தேவையில்லை, யாரும் பேசலாம். நவரத்தினம் ஒரு மைக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அந்தப் பொத்தானை அமத்திக்கொண்டு பேச வேண்டும்" என்றார் கிழவர். "அமத்தியிருக்கும்வரை உனக்கு வேறு யாருடைய குரலும் கேட்காது. என் மனைவி வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று கேட்டாள்."

கிழவர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். நவரத்தினம் சிரிக்கவில்லை. ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுக்கு இரண்டு பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டில் ஒன்று முற்றாகச் செத்துப்போயிருந்தது, மற்றது அரைவாசி. அதன் உறுப்புகளை எடுத்து மற்றதை எழுப்பினார். ஊரில் வானொலி திருத்தும் கடையில் இரண்டு வருடம் வேலை செய்த கை அவருடையது. அந்த வேலைக்கும் வாய் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ரேடியோவின் இருபத்திரண்டாம் சனல் அலைவரிசையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கூட்டத்தை நடத்துபவர் கெர்லிண்ட, முன்னாள் ட்ராம் சாரதி. எல்லோருக்கும் ஒரு புனைபெயர் வேண்டும். நவரத்தினம் 'அனனாஸ்' என்று வைத்துக்கொண்டார். அன்னாசியில் அவருக்குப் பிரியமொன்றுமில்லை. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் தொண்டையில் சிக்காமல் வரும், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு தோல்வி. சொல் சிக்கியபோது உடம்பு முழுவதும் இறுகியது, பெருவிரல் பொத்தானிலிருந்து வழுக்கியது. அவர் முடித்துவிட்டார் என்று நினைத்து இன்னொருவர் பேசத் தொடங்கிவிட்டார். அன்று மாலையே மைக்கைத் திறந்தார். பொத்தானைக் கழற்றிவிட்டு, பழைய மேசை விளக்கின் ஆளியை அந்த இடத்தில் பொருத்தி ஈயம் பற்றவைத்தார். தட்டினால் பேசலாம். திரும்பத் தட்டும்வரை தொடர்பு நிற்காது.

பிறகு வாங்கிய இன்னொரு பெட்டி புதுசு, குரல் கேட்டால் தானாகவே இயங்கும் வகை. அவர் ஒரு சொல்லில் நின்ற இடைவெளியில் அது பேச்சு முடிந்ததென்று அணைந்துபோனது. "நீயுமோ" என்று அதனிடம் கேட்டுவிட்டு அந்த வயரை வெட்டினார். மூன்று நிமிடத்தில் பேச்சை அறுக்கும் பெட்டியொன்றும் வந்தது. அதன் கணக்கையும் நிறுத்தினார். ஒரு வருடத்தில் பதினான்கு பெட்டிகள் சேர்ந்தன. உடுப்பு அலுமாரியின் கீழ்த்தட்டு போனது. சியாமளா முணுமுணுத்தபடி சேலைகளை மேலே ஏற்றினாள்.

பக்கத்து நகரான எஸ்லிங்கனில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி தியாகுவுக்கு அவற்றில் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துத் தியாகு வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, ஒரு விசயம். நீங்கள் கதைக்கேக்கை உங்களுக்கு ஒண்டும் கேக்காதுதானே?"

நவரத்தினம் தலையசைத்தார்.

"ஒருத்தன் உங்களுக்கு மேலாலை கதைக்கிறான். கோப்ரா எண்டு பேர் வச்சிருக்கிறவன். நீங்கள் ஒரு சொல்லிலை நிக்க, அந்தச் சொல்லை அவன் சொல்லுறான். உங்களை மாதிரித் திக்கியும் காட்டுறான். எனக்கு உங்கடை குரல் விளங்கிறேல்லை. அவன்ரைதான் விளங்குது."

ஒரே சனலில் இரண்டு பேர் பேசினால், கேட்பவரிடம் பலமாக வந்து சேரும் குரல்தான் நிற்கும். மற்றது அமுங்கிப்போகும். நவரத்தினத்துக்கு அது தெரியாததல்ல. ஒரு வருடமாக ஒருவரும் குறுக்கிடாத ஒரு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பியிருந்தார். அங்கேயும் ஒருவன் அவர் வசனங்களை முடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவர் எழுந்து யன்னலடியில் போய் நின்றார்.

"என்ரை சிநேகிதனிட்டை நூறு வாட் பெட்டி ஒண்டு இருக்கு" என்றான் தியாகு. "சட்டப்படி கூடாதுதான். ஆனா அதைப் பூட்டினால் அவனைக் கிழிச்சுப்போடலாம்."

நவரத்தினம் பதில் சொல்ல நேரமெடுத்தது. சியாமளா வாயைத் திறந்தாள், அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"எனக்கு நாலு வாட் அனுமதி. அந்த நாலும் என்ரை. க… களவாக் கத்தி வெல்லுறதுக்கு நான் வரேல்லை."

"அப்ப விடப்போறியளோ?"

"ஆர் விடுறது?"

அடுத்த ஞாயிறு அவர் பிர்கன்கொப்ஃப் மலைக்குப் போனார். பலம் கூட்ட ஏலாவிட்டால் உயரம் கூட்டலாம், மேலிருந்து பேசும் குரலுக்குக் கட்டடங்களும் பள்ளங்களும் குறுக்கே வராது. முதுகுப் பையில் ரேடியோவும் மோட்டார்சைக்கிள் பற்றரியும், கையில் அன்டெனா. கழித்துவிட்ட இரும்பு ரொட்டித் தட்டொன்றை வேலைத்தலத்தில் கேட்டு வாங்கியிருந்தார், அன்டெனாவின் காந்த அடி ஒட்டுவதற்கு. சியாமளா போத்தலில் தேத்தண்ணியோடு கூட வந்தாள்.

"சனம் பாக்கப்போகுது" என்றாள் ஏறும்போது.

"பாக்கட்டும்."

உச்சியில் நாய்களோடு வந்தவர்கள், மிதிவண்டிக்காரர்கள், கீழே நகரத்தைப் படமெடுப்பவர்கள். கல் ஒன்றின் மேல் ரொட்டித் தட்டை வைத்து, அதன் மேல் அன்டெனாவை நிறுத்தினார். பத்து மணிக்குக் கெர்லிண்ட ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அனனாஸின் முறை வந்தது.

நவரத்தினம் ஆளியைத் தட்டினார்.

"நான் அனனாஸ் இல்லை" என்றார் ஜெர்மனில். "என் பெயர்…"

அங்கே நின்றார். 'ந' வரவில்லை. கண் மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது. நாய்க்காரப் பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள். சியாமளாவின் உதடுகள் அந்தப் பெயரைச் சொல்லத் துடித்தன. அவள் போத்தல் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அரை நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். அவர் ஆளியைத் தொடவில்லை.

"நவரத்தினம்."

பிறகு தான் சொல்ல வந்ததைச் சொன்னார். இரண்டு ஞாயிறாகக் கோப்ரா அமுக்கிய கதை அது. குரல் கரகரக்கும் பச்சை ரேடியோ ஒன்றை வாங்கியது, எல்லா உறுப்புகளையும் மாற்றிப் பார்த்தது, கடைசியில் மைக்கின் தகட்டில் ரொட்டி மா படிந்திருந்ததைக் கண்டது. முன்பு அது ஒரு பேக்கரி வண்டியில் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடம் பேசினார். பத்துத் தடவையாவது சிக்கினார். கடைசி வசனத்தையும் முடித்துவிட்டுத்தான் ஆளியைத் தட்டினார்.

சனல் கொஞ்சம் இரைந்தது.

"முழுவதும் கிடைத்தது, நவரத்தினம்" என்றார் கெர்லிண்ட. பெயரைப் பிழையாக உச்சரித்தார், ஆனால் முழுவதாகச் சொன்னார். "மாவைத் தூரிகையால் எடுத்தாயா, ஊதி எடுத்தாயா?"

இடையில் கோப்ரா வந்தான். "எத்தனை வாட் வைத்திருக்கிறாய் நீ? நான் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை."

"நாலு."

"பொய். புகார் கொடுப்பேன்."

"கொடு. அளப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வா. நான் இங்கேயே இருக்கிறேன், தே… தேத்தண்ணியும் இருக்கிறது."

ஒருவரும் வரவில்லை. கோப்ரா அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் முயன்றான். அவன் அமுக்கிய ஒவ்வொரு முறையும் நவரத்தினம் அடுத்த வாரம் மலையேறி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஒருமுறை பனியிலும் ஏறினார். மாசி முடிவதற்குள் அவனுக்கு அலுத்துவிட்டது. இப்போது சனலில் இருக்கிறான், அவர் பேசும்போது பேசுவதில்லை. திருந்தினானா என்பது தெரியாது. நவரத்தினம் அதைக் கேட்கவும் இல்லை.

சென்ற மாதம் முழங்கால் வலிக்காக அவரும் சியாமளாவும் மருத்துவரிடம் போனார்கள். வரவேற்பு மேசைப் பெண் திரையைப் பார்த்தபடியே என்ன வேண்டும் என்று கேட்டாள். அவர் தொடங்கினார், சிக்கியது.

"மருந்துச் சீட்டா?" என்றாள் அவள். "விசேட மருத்துவரிடம் போகக் கடிதமா? நாள் குறிக்க, டெர்மினா?"

நவரத்தினம் கையை உயர்த்தினார். "என் முறை இன்னும் முடியவில்லை" என்றார் ஜெர்மனில், சிக்காமல்.

பின்னால் வரிசையில் ஐந்து பேர். ஒருவர் பெருமூச்சு விட்டார். மேசைப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து அவரைப் பார்த்தாள். அவர் எந்தக் கால், எப்போதிருந்து, ஏறும்போது எப்படி, இறங்கும்போது எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னார். சியாமளா சுவரில் இருந்த பல் விளக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "ஒரு முழங்காலுக்கு உவ்வளவு விளக்கம் தேவையோ?"

"ஓம்" என்றார் நவரத்தினம். "தே… தேவை."