மீன் தின்னாத பெண்ணும் எங்கள் கப்பலாபீஸும்

அரூரிலிருந்து சித்தேரி போகிற பஸ் மலை ஏறுவதற்கு முன்பே கண்டக்டர் கத்துவார்: “கப்பலாபீஸ் எல்லாம் எறங்குங்க!” இறங்குவது நானும் உதவியாளர் முனிரத்தினமும்தான். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படகுகளின் ரேடியோப் பேச்சைக் கேட்க, மின்சார இரைச்சல் இல்லாத இடம் என்று இந்தக் கரட்டுக் குன்றில் அரசாங்கம் ஆன்டெனா நட்டுவிட்டது. அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும்.

வேலை இதுதான். சிற்றலை ரேடியோவில் படகுகளுக்கென்று சேனல்கள் உண்டு. ஆபத்துக்குக் கூப்பிட வேண்டிய சேனலில் யாராவது வெட்டிப் பேச்சு பேசினால், நாங்கள் கடலோரத்தில் இருக்கும் கரை நிலையத்துக்குப் போன் செய்வோம். அவர்கள் மைக்கில் அதட்டுவார்கள். எங்களிடம் வெறும் ரிசீவர்தான், மைக் கிடையாது.

அப்போதுதான் அந்த ஆபத்துச் சேனலில் சூசை என்கிற படகுக்காரர் வந்து சேர்ந்தார். பக்கத்துப் படகிடம் தினமும் ஒரே புலம்பல்.

“பொண்ணு நல்ல பொண்ணுதாம்லே. ஆனா மீனு திங்காதாம். வாடையே ஆவாதாம். எப்படிக் கட்டுவேன்?”

“கருவாட்டுக் குழம்பு கேட்டா ரசம் வச்சுத் தருவாளே மக்கா!”

நியாயப்படி நாங்கள் உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்தால் கதை நின்றுவிடுமே! செய்யவில்லை.

“இந்தப் பொண்ணு வேணாங்க மேடம், கட்டுனா வூட்டுல தெனம் சண்டைதான்” என்பார் முனிரத்தினம்.

“நீங்க சும்மா இருங்க. ஒங்க வூட்டுல மட்டும் என்ன வாழுது?” என்பேன்.

இந்த லட்சணத்தில் சென்னையிலிருந்து ஆபீசர் வந்து இறங்கினார். “கடலே இல்லாத ஊர்ல இது எதுக்கும்மா? இன்னிக்குப் பாத்துட்டு மூடச் சொல்லி எழுதிடப் போறேன்.”

மூடினால் எனக்கு மாற்றல் வடக்கே எங்கேயோ. பொம்மிடியில் நான் புதிதாகக் கட்டிய வீட்டில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

ஆபீசர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சூசை அன்றைக்குத் தன் அம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாப் படகும் ஆலோசனை சொன்னது. கொடுத்த டீ அப்படியே ஆறிப்போனது. கடைசியில் ஆபீசர் திரும்பினார்.

“ஏம்மா, அந்தப் பொண்ணு முட்டையாவது சாப்பிடுமா?”

பொழுது சாயச் சாய சிக்னல் மங்கும், அது வழக்கம். “சரிலே, சொல்லிடுதேன். நான் என்ன நெனைக்கேன்னா” என்றார் சூசை. பிறகு கர்ர்ர் என்று ஒரே இரைச்சல்.

“போச்சு! என்னம்மா ஆபீஸ் நடத்துறீங்க!” வானத்தையே நான் ஆஃப் பண்ணிவிட்ட மாதிரி குதித்தார். போனை எடுத்தார். கரை நிலையத்துக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். அதட்டச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“அந்தப் படகை விசாரிங்க. பொண்ணைக் கட்டிக்கச் சம்மதமா இல்லையான்னு கேட்டு உடனே சொல்லணும். அவசரம்!”

போன் ஸ்பீக்கரில் மூவரும் காதை வைத்தோம்; அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் அதில் கேட்டது. கரை நிலையத்துக்காரர் பாவம், கேட்டார்: “சூசை, பொண்ணு சம்மதமா? அரசாங்கத்துல கேக்குறாங்க.”

சூசை பதறியடித்துச் சொன்னார்: “சம்மதம் ஐயா! இந்தச் சேனல்ல இனி பேசவே மாட்டோம் ஐயா!”

நாங்கள் கைதட்டினோம். முனிரத்தினம்கூட.

சந்தோஷம் மறுநாளே போய்விட்டது. கடல் முழுக்க வாயை மூடிக்கொண்டது. வெறும் இரைச்சல்தான். அப்புறம் வந்த நாட்களும் அப்படியே. ஆபீசர் போன் செய்தார். “பேச்சே இல்லைன்னா நிலையம் எதுக்கும்மா?” அவர் குரலிலும் சுரத்தில்லை. நான் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

ஒரு காலை, ரிசீவரில் தொண்டையைச் செருமும் சத்தம்.

“கேட்டுக்கிட்டிருக்க ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம். சூசை பேசுதேன். கல்யாணம் நிச்சயமாயிட்டு. நீங்க கேக்கலைன்னா இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் கெடந்திருப்பேன். அவசியம் வரணும். உங்களுக்கு மீன் கொழம்பு, பொண்ணுக்கு சாம்பார்.”

அவ்வளவுதான், மற்றப் படகெல்லாம் வாழ்த்துச் சொல்ல ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

“மேடம், கரைக்குப் போன் போடட்டுங்களா?”

“மொதல்ல ஆபீசருக்குப் போடுங்க!”

போனை ரிசீவரின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஆபீசர் கடைசிவரை கேட்டார். பிறகு கறாராகச் சொன்னார்: “விதிமீறல் ரொம்ப அதிகமா இருக்கும்மா. நிலையம் கண்டிப்பா தேவை.”

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மைக் ஏன் தரவில்லை என்று கேட்பார்கள். தராததுதான் நல்லது. தந்திருந்தால், அந்த மீன் குழம்புக்கு எவ்வளவு புளி கரைக்க வேண்டும் என்று அன்றைக்கே நாங்களும் அந்தச் சேனலில் பேச ஆரம்பித்திருப்போம்.