நாற்பத்தோராம் நாள் வந்த கேக்

மூன்று வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் என்கிற நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் நடந்தது இது. அந்த வருடம்தான் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறியிருந்தோம். நான் குடியை விட்டு அன்றோடு நாற்பத்தொரு நாள்.

குடியை விட்டால் உடம்புதான் பாடுபடும் என்று நினைத்திருந்தேன். கை நடுக்கம் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. மனதுதான் பாடாய்ப் படுத்தியது. தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்தும் அழுகை வரும். தேநீரில் சீனி குறைந்தால் கோபம் தலைக்கேறும். எல்லாவற்றையும் விட, நான் வேலையால் வந்ததும் பையை வாங்குகிற சாக்கில் மனைவி கிட்ட வந்து மோப்பம் பிடிப்பாளே, அதுதான் தாங்க முடியாதது. பதினைந்து வருடம் ஏமாற்றியவன் நான். அவளைக் குறை சொல்லவும் வாய் வராது.

அன்று அரைநாள் வேலை. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். கீழ்வீட்டு அக்கா நத்தார் பலகாரத் தட்டு கொண்டுவந்து தந்தார். கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு கேக். எங்கள் வீட்டில் கேக் என்றால் கடையில் வாங்குகிற பட்டர் கேக்தான். இது நல்ல ருசி. மூன்று துண்டு சாப்பிட்டேன். தொண்டையில் ஒரு சூடு இறங்கியது. கராம்பு கூடிவிட்டது போல என்று நினைத்தேன்.

மனைவி வந்தாள். கிட்ட வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"திருப்பியும் தொடங்கிட்டீங்களா?"

"சத்தியமா நான் குடிக்கேல்ல."

"இந்தச் சத்தியம் எத்தினை தரம் கேட்டிருப்பன்?"

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். குடிக்காமலே குடிகாரன் என்றால், குடித்துவிட்டே அந்தப் பெயரை வாங்கலாமே! செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சந்தியில் இருந்த சாராயக்கடையில் பண்டிகைக் கூட்டம். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். மூன்று பேர். இரண்டு பேர்.

யாரோ என் கையைப் பிடித்தார்கள். என் மனைவி! வாசலுக்கு வருவதென்றாலும் சேலை மாற்றிக்கொண்டு வருகிறவள், வீட்டுச் சட்டையோடு, மூச்சிரைக்க, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நிற்கிறாள். என் முகத்துக்கு நேரே 'ஊ' என்று ஊதினாள். குப்பென்று பிரண்டி மணம்.

"நானும் சாப்பிட்டுப் பாத்தனான். கீழ்வீட்டு அக்காவிட்டயும் கேட்டனான். கேக்குக்குப் பிரண்டி ஊத்தி ஊற வைக்கிறவையாம். பிழை என்ரதான். வாங்கோ."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

திரும்பி நடக்கும்போது சொன்னேன்: "முந்தியெல்லாம் கோபம் வந்தா குடிப்பன். இப்ப அதை எங்க கொண்டு போறதெண்டு தெரியேல்ல."

"வீட்டில வச்சுக் கத்துங்கோ. நானும் கத்துறன். அந்தக் கடைக்கு மட்டும் போகாதேங்கோ."

அப்படித்தான் செய்கிறோம். முதல் வருடம் எங்கள் சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது கத்தத் தேவையில்லை. 'மனசு சரியில்லை' என்று சொல்லப் பழகிவிட்டேன். குடியை விட்ட தைரியசாலி என்று சொந்தக்காரர்கள் என்னைப் புகழும்போதெல்லாம், வீட்டுச் சட்டையோடு அந்த வரிசைக்குள் வந்து என் கையைப் பிடித்தவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.